கிருமி செத்த பிறகும்

முதலில் அது நுளம்பு கடித்த மாதிரித்தான் இருந்தது. வலது மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்னத் தடிப்பு. கடி எடுத்தது, சொறிந்தேன். மறுநாள் நீர் கோத்துக் கொப்புளமானது. அதற்கடுத்த நாள் கொப்புளம் உடைந்து நடுவில் கறுத்துப்போனது. அணைந்த அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துத் தோலுக்குள் பதித்து வைத்தது போன்ற கறுப்பு. சுற்றிவர வீங்கியிருந்தது, ஆனால் நோவில்லை. தையல் ஊசியால் மெல்லக் குத்திப் பார்த்தேன். அப்போதும் நோகவில்லை. நோகாத புண்ணுக்கு யார் வைத்தியம் தேடி ஓடுவார்கள்? மஞ்சள் அரைத்துப் பூசிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இதை வாசிக்கிற நீங்கள் ஆடு மாடு வைத்திருப்பவர்களாக இருந்தால் இதை மட்டும் முதலில் மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த புண், சுற்றிவர வீக்கம், நோவு இல்லை. அப்படி ஒன்று வந்தால் அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த பிழையை மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

நான் ஈச்சிலம்பற்றில் இருக்கிறேன். வயது எழுபத்திரண்டு. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் மாடு கன்று போட முடியாமல் அந்தரப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வயிற்றுக்குள் கைவிட்டு, கால் எது தலை எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன். வெருகல் ஆற்றுக்கு அங்காலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். நாற்பது வருடமாக இந்தக் கைக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது.

கடைசி ஐந்தாறு வருடமாக என் விரல்கள் சரியாக மடங்குவதில்லை. இழுக்கிற பலமும் போய்விட்டது. இழுத்ததெல்லாம் பூமணி. பூமணி என் கணவரின் தங்கை, எனக்கு மச்சாள். புருசன் போன பிறகு எங்கள் வளவிலேயே இருக்கிறாள். என்னிலும் ஒன்பது வயது இளையவள், ஆள் நல்ல திடகாத்திரம். நான் உள்ளே கையை வைத்து "இப்ப இழு" என்பேன். அவள் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பாள். வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டை நீட்டுவது எனக்கு. அந்த நேரம் பூமணி வாளி கழுவிக்கொண்டு நிற்பாள். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நானும் கதைத்ததில்லை.

மாரி மழை விட்ட கையோடு எங்கள் சிவப்பிப் பசுவுக்கு நாள் வந்தது. அதற்கு முந்திய இரண்டு கிழமையும் அது, புதிதாக வாய்க்கால் வெட்டிக் கொட்டின மண்மேட்டுப் பக்கம்தான் மேய்ந்தது. அன்று மத்தியானம் நிற்க முடியாமல் நடுங்கியது. உடம்பு கொதித்தது.

"மச்சாள், இது கன்டு போடுற நடுக்கம் மாதிரித் தெரியேல்ல. மாட்டு டொக்டருக்கு ஒரு கோல் எடுப்பமே?" என்றாள் பூமணி.

"நாப்பது வருசமாப் பாக்கிற எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சோ? கயித்தை எடு."

கன்று செத்துத்தான் வந்தது. பின்னாலேயே நஞ்சுக்கொடி, எங்கள் பேச்சில் இளங்கொடி, வந்தது. கறுத்த இரத்தம் நிற்காமல் வடிந்தது. எங்கள் பக்கத்தில் இளங்கொடியை மண்ணில் புதைக்கிறதில்லை. நாய் இழுத்தால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்பார்கள். வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் வடிகிற மரமாகப் பார்த்து உயரத்தில் தூக்கிவிடுவோம். வீதியோரத்து ஆலமரம் வரைக்கும் பூமணிதான் சாக்கைத் தோளில் சுமந்து போனாள். சாக்கு ஊறி ஒழுகியது. கழுத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து அவள் நடந்ததை நான் வாசல் படலையில் நின்று பார்த்தேன்.

விடிய சிவப்பி செத்துக் கிடந்தது. மூக்காலும் பின்னாலும் இரத்தம். அது உறையவில்லை, தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. உடம்பும் விறைக்கவில்லை. அக்கம்பக்கத்து ஆம்பிளைகள் நாலு பேர் வந்து வளவின் கோடியில் கிடங்கு வெட்டி, தோல் உரிக்காமல், வெட்டாமல் முழுதாகப் புதைத்தார்கள். நாங்கள் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று பிறகு ஆசுப்பத்திரியில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தத் தடிப்பும் கறுப்பும். என் கை முழங்கை வரைக்கும் வீங்கிய அன்று காலை பூமணி அம்மிக்குப் பக்கத்தில் எழும்பி நின்றுவிட்டாள்.

"கை பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு. இனி உங்களுக்கு மஞ்சள் அரைக்க என்னால ஏலாது மச்சாள். வெளிக்கிடுங்க."

எங்கள் பக்கத்துச் சின்ன ஆசுப்பத்திரியில் பார்த்த டொக்டர் புண்ணைத் தொடாமலே அம்புலன்சுக்குச் சொன்னார். மூதூர் தாண்டி, கிண்ணியாப் பாலம் தாண்டி, திருகோணமலை வரைக்கும் பூமணி என் கையைத் தலையணையில் வைத்து, குலுங்காமல் பிடித்துக்கொண்டு வந்தாள். லிங்கநகரில் ஓட்டோ ஓடுகிற என் மகன் சுதன் ஆசுப்பத்திரி வாசலில் நின்றான்.

வாட்டில் என்னைப் பார்த்தது ஒரு பொம்பிளை டொக்டர். என் பேத்தி வயது இருக்கும். புண்ணைச் சுற்றி மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"நோகுதோ அம்மா?"

"இல்ல பிள்ளை."

"நோகாததுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. வீட்டில மாடு ஏதும் செத்ததோ?"

மாட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும்? நடந்ததைச் சொன்னேன்.

"கன்டு இழுக்கேக்க உங்களோட வேற ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் இல்ல. நான் தனியத்தான் இழுத்தனான்."

டொக்டர் பிள்ளை கண்ணை விரித்தாள். "இந்த வயசிலயோ? தனியவோ?"

"இந்தக் கை நாப்பது வருசமா இழுக்குது."

பக்கத்தில் மருந்து எடுத்துக்கொண்டு நின்ற தாதி மிஸ்ஸி சிரித்து, "அம்மா பெரிய ஆள்தான்" என்றாள். எனக்கு அது இனித்தது. பூமணி கட்டிலின் காலடியில் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றாள். அதன் மூடியைத் திருகி மூடினாள், அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் அது ஒரு கிழவியின் பெருமைப் பேச்சு. ஆனால் டொக்டர் அடுத்ததாகச் சொன்னாள். "இது அந்திராக்ஸ் மாதிரிக் கிடக்கு. அந்த மாட்டை, அதின்ர ரத்தத்தைத் தொட்ட எல்லாருக்கும் நாங்கள் இப்பவே குளிசை குடுக்கோணும். வருத்தம் வர முன்னம் குடிச்சால் தப்பலாம். புதைச்ச ஆக்கள்ர பேரைச் சொல்லுங்க." நாலு பேரின் பெயரையும் சொன்னேன். அவள் பூமணியைக் காட்டி, "இவ?" என்றாள்.

"அவ என்ர மச்சாள். வீட்டில சமையல் பாக்கிறவ."

சொன்ன உடனேயே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஆலமரத்துச் சாக்கைப் பற்றியும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் யார் சுமந்தது என்று கேள்வி வரும். பூமணிக்கு ஒரு புண்ணும் இல்லை, எருமை மாதிரி நிற்கிறாள், பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

புண்ணின் ஓரத்தைக் கிளப்பிப் பஞ்சுக் குச்சியால் நீர் எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரைக்கும் காத்திருக்காமல் சேலைனோடு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கறுத்த பொருக்கை வெட்டி எடுத்துவிடச் சொன்னேன். "அதில கத்தி வைக்கப்படாது அம்மா. வெட்டினால் பரவும். தானாக் கழரும்" என்றாள் டொக்டர்.

இந்த நோயின் கிருமி மண்ணுக்குள் விதைநெல் மாதிரி உறங்கிக் கிடக்குமாம். எத்தனையோ வருடம் வெயிலும் மழையும் ஒன்றும் செய்யாதாம். மண்ணைக் கிளறும்போது மேலே வரும். மேய்கிற மாட்டின் வயிற்றுக்குள் போய் முளைக்கும். பழைய ஆட்கள் அடைப்பான் என்று சொல்லுவது இதைத்தான். ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிகக் குறைவு. பக்கத்துக் கட்டில்காரி தன் பேரப்பிள்ளையை என்னிடமிருந்து இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டபோது மிஸ்ஸி அதைத்தான் அவளுக்குச் சொன்னாள். என்றாலும் அவள் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் டொக்டர் சிரித்த முகத்தோடு வந்தாள். மருந்து வேலை செய்கிறது, புதிதாக எடுத்த இரத்தத்தில் கிருமி முளைக்கவில்லை என்றாள். ஆனால் என் கை அன்று தோள்வரைக்கும் வீங்கியிருந்தது. தோல் மினுங்கியது. விரல்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்தன. யன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. அந்தச் சத்தம் என் கைக்குள் அதிர்வது போல இருந்தது.

"கிருமி செத்துப்போச்செண்டால் இது ஏன் பிள்ளை இன்னும் ஏறுது?"

அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அவளுக்கு வேலை தலைக்குமேல் கிடந்தது. என்றாலும் இருந்து சொன்னாள்.

"அம்மா, கிருமி சும்மா இருக்கிறதில்ல. நஞ்சு செய்து வெளிய விடும். மூண்டு துண்டு நஞ்சு. மூண்டு கள்ளர் எண்டு வைச்சுக்கொள்ளுங்களன். முதலாவது ஆள் எங்கட உடம்பைக் கட்டியிருக்கிற சின்னச் சின்னக் கலங்களில போய் ஒட்டிப் படலையைத் திறக்கிறவன். அவன் தனிய ஒரு கெடுதியும் செய்யமாட்டான். மற்ற ரெண்டு பேரும் அவன் இல்லாமல் உள்ளுக்குப் போகேலாது. போனால், ஒருத்தன் தண்ணியைக் கோக்க வைக்கிறவன், இந்த வீக்கம் அவன்ர வேலை. மற்றவன் கலத்தைச் சாகடிக்கிறவன். உடம்பின்ர காவலையும் அவன்தான் முடக்கிறது."

"அப்ப இந்த மருந்து?"

"ஒண்டு கிருமியைக் கொல்லுது. மற்றது நஞ்சு செய்யிற பட்டறையைப் பூட்டுது. ஆனால் முதலே வெளிய வந்த நஞ்சு உள்ளுக்கு நிண்டு தன்ர வேலையைச் செய்துதான் முடிக்கும். அதுதான் கெதியா வரச் சொல்றது. ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் நஞ்சு கூட."

ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் நஞ்சு கூட. நான் பூமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் யன்னல் பக்கம் நின்று என் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். வாட்டில் காற்றாடிக் காற்று, குளிராக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். அன்றும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம். வலது கையைத் தூக்க ஏலாது என்பதால் பூமணிதான் தீத்திவிடுவாள். சுதன் பெண்சாதி கட்டித் தந்த சோறும் பருப்பும். இரண்டு வாய் வைத்த பிறகுதான் கவனித்தேன், அவள் முகம் கீழே அகன்று போயிருந்தது. நாடி எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"என்னடி அது கழுத்தில?"

"நுளம்பு."

குரல் கரகரத்தது.

"திறந்து காட்டு."

"வாயைத் திறவுங்க மச்சாள், சோறு ஆறுது."

இடது கையால் தலைப்பை இழுத்தேன். காதுக்குக் கீழே, சாக்குச் சுமந்த பக்கம், ஐம்பது சதக் காசு அளவில் கறுப்பு. சுற்றிவரச் சின்னக் கொப்புளங்கள். நோகுதோ என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

"எத்தினை நாள்?"

"முந்தநாள் கண்டனான்."

"ஏன்டி சொல்லேல்ல? டொக்டர் நாளுக்கு மூண்டு தரம் இதால போறா!"

அவள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்துத்தான் சொன்னாள்.

"நீங்க தனிய இழுத்தனீங்க எண்டு சொல்லிப்போட்டீங்க. நான் பிறகு போய், அவ சொன்னது பொய், நானும் நிண்டனான் எண்டு சொல்லவோ? எல்லாருக்கும் முன்னால உங்களைப் பொய்க்காரி ஆக்கவோ?"

நான் வாழ்நாளில் ஊருக்கு முன் சத்தம் போட்டு அழுதவள் இல்லை. அன்று சேலைன் குழாயோடு எழும்பி, வாட்டின் நடுவில் நின்று கத்தினேன். டொக்டர் பிள்ளை ஓடி வந்தாள். பின்னால் மிஸ்ஸிமார், நோயாளிகளைப் பார்க்க வந்த சனம்.

"நான் பொய் சொன்னனான் பிள்ளை. கன்டை இழுத்தது இவள். சாக்கைத் தூக்கினது இவள். ஆலமரத்தில ஒரு சாக்குத் தொங்குது, அதையும் சொல்லேல்ல. அஞ்சு வருசமா இழுக்கிறது இவள்தான், என்ர கை இல்ல!"

டொக்டர் என்னை ஏசவில்லை. பூமணியின் தலையை உயர்த்தி வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு தள்ளுவண்டிக்குச் சத்தம் போட்டாள். 

"கை வீங்கினால் வீங்கிறதுக்கு இடம் கிடக்கு அம்மா. கழுத்து வீங்கினால் மூச்சுக்கு இடமில்ல."

தீவிர சிகிச்சைப் பிரிவில் பூமணியின் தொண்டைக்குள் குழாய் இறக்கினார்கள். அதுதான் மூச்சு. எனக்கு ஏற்றிய மருந்துகளை அவளுக்கும் ஏற்றினார்கள், வீக்கத்துக்கு வேறு ஊசியும் போட்டார்கள். அந்த நஞ்சையே பிடிக்கிற மருந்து உலகத்தில் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. படலை திறக்கிறவனை வெளியிலயே பிடிச்சு வைக்கிற மருந்து. சில நாடுகளில சேமிச்சு வைச்சிருக்கினம். எங்களிட்ட இல்ல. இருந்தாலும், உள்ளுக்குப் போனவங்களை அது ஒண்டும் செய்யாது. முதலே குடுக்கோணும்."

"குளிசை? அண்டைக்கே குடிச்சிருந்தால்?"

டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல், "இப்ப அதைக் கதைச்சு என்ன அம்மா" என்றாள்.

சுகாதாரப் பரிசோதகர் அன்றே எங்கள் ஊருக்குப் போய்ச் சாக்கை இறக்கி எரித்தாராம். மரத்தடியிலும் கிடங்கிலும் மருந்து போட்டார்கள். மரத்துக்குக் கீழே நின்று பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எங்கள் கெட்டித்தனம் இல்லை.

என் கை வற்றத் தொடங்கியது. விரல்கள் பிரிந்தன. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்கள். பூமணியை முதல் நாள் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. வீக்கம் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. இரண்டாம் நாள் இரத்தத்தில் கிருமி இல்லை என்றார்கள். எனக்கு அந்தச் செய்தியின் அர்த்தம் தெரியும், அதனால் சந்தோசப்படவில்லை. மூன்றாம் நாள் வீக்கம் கூடியது. நாலாம் நாள் இரத்த அழுத்தம் விழுந்தது என்று என்னையும் சுதனையும் வெளியே போகச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். உள்ளே ஆட்கள் ஓடுவது நிழலாகத் தெரிந்தது. சுதன் பிளேன்ரீ வாங்கிவந்து என் இடது கையில் வைத்தான். "சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான். ரீ கையிலேயே ஆறியது.

அன்று அவள் உயிர் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஆறாம் நாள் வீக்கம் நின்றது. குறையவில்லை, நின்றது. டொக்டர் பிள்ளை தன் விரலால் கழுத்தை அழுத்தி, குழி விழுகிறதைப் பார்த்துத் தலையாட்டினாள். எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

நான் உள்ளே போனபோது பூமணி சாய்ந்து இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற சொல் எனக்குப் பழக்கமில்லை. என்ன சொல்லுவதென்று தெரியாமல், "ஏசடி" என்றேன். "வாயில வந்த மாதிரி ஏசு. நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவள் என் கையைப் பார்த்தாள். கறுத்த பொருக்கு அப்போதும் கழலவில்லை. பிறகு, காற்றா குரலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தத்தில் சொன்னாள்.

"தொண்டை நோகுது மச்சாள். ஆறட்டும். பிறகு ஏசுறன்."

நாலு மாதம் ஆகிவிட்டது. கன்று இழுக்கக் கூப்பிட வருகிறவர்களிடம், முதலில் மாட்டு டொக்டருக்குச் சொல்லுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், இழுத்ததெல்லாம் பூமணிதான், நான் இல்லை என்று படலையிலேயே சொல்லி அனுப்புகிறேன். என் பொருக்குக் கழன்று அந்த இடத்தில் பள்ளமான தழும்பு இருக்கிறது. அவளுக்குக் காதின் கீழே அதே மாதிரி ஒன்று. அவள் தொண்டை நன்றாக ஆறிவிட்டது. மீன்காரனோடு அவள் விலை பேசுவது வீதி முழுக்கக் கேட்கும். கோழியை ஏசுகிறாள், நாயை ஏசுகிறாள், உலையில் உப்புக் கூடினால் தன்னையே ஏசுகிறாள்.

என்னை இன்னும் ஏசவில்லை. காலையில் ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே குந்துவாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம், இன்றைக்குத்தானாக்கும் என்று நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறேன்.